டப்பாவில் இல்லாத கொக்கி

இடது கை குறட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. குறட்டின் வாயில் விரல் நீள எஃகுக் கம்பி ஒன்று, பித்தளைத் தகட்டின் மேல் செங்குத்தாக நின்றது. கம்பியின் அடிமுனையில் எஸ் என்ற ஆங்கில எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறிச் செதுக்கியிருந்தது. வலது கைச் சுட்டுவிரல் தகட்டில் கீறியிருந்த கோட்டைத் தடவி இடம் பார்த்தது. கம்பி மயிரிழை நகர்ந்தது. நின்றது.

"ம்."

சுத்தியல் இறங்கியது. ஒரே அடி. குறடு அதிர்ந்து, அந்த அதிர்வு முழங்கை வரை ஏறி அடங்கியது. கம்பியை எடுத்தால் தகட்டில் எஸ் ஆழமாக, ஓரம் பிசிறாமல் பதிந்திருந்தது.

பிடிக்கிறவள் "ம்" சொல்லாமல் அடிக்கிறவள் அடிக்கக் கூடாது. அந்தப் பெண்கள் சிறையின் தகட்டுப் பட்டறையில் எழுதாத சட்டம் அது ஒன்றுதான். எழுதிய சட்டங்களை யாரும் மதிக்கவில்லை. இதை மட்டும் எல்லோரும் மதித்தார்கள். மீறினால் விரல் போகும்.

பிடிக்கிறவளைக் 'குறடு' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வந்த புதிதில் கேலியாக வைத்த பெயர், பிறகு அதுவே மரியாதையாகி, 'குறடக்கா' ஆனது. சின்ன உடம்பு. மணிக்கட்டு மட்டும் ஆண்பிள்ளை மணிக்கட்டு. இத்தனை வருடம் குறடும் கம்பியும் பிடித்ததில் அவளுடைய இரண்டு கையும் எதைப் பிடித்தாலும் லேசில் விடாது. சாப்பாட்டுத் தட்டை அவள் பிடித்திருக்கும்போது யாரும் இழுத்துப் பார்க்க மாட்டார்கள்.

அடிக்கிறவள் அவளுடைய நாத்தனார்.

இந்த உறவு சிறையில் யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் ஒரு நாள் புதிதாக வந்தவர்களை முற்றத்தில் உட்கார வைத்திருந்தபோது, நனைந்த கூந்தலுக்குள்ளிருந்து தன்னையே பார்த்த இரண்டு கண்களைக் குறடு அடையாளம் கண்டுகொண்டாள். தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்த பெண், இடுப்பைக் கிள்ளிய சூப்பர்வைசரின் கையைக் கத்திரிக்கோலால் மேஜையோடு சேர்த்துக் குத்திவிட்டு வந்திருக்கிறாள் என்று மறுநாள் தெரிந்தது. தோள் வலு உள்ளவள் என்று பட்டறைக்கு அனுப்பினார்கள்.

"உங்களுக்குள்ள முன்னாடியே பழக்கமா?" என்று வார்டர் கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் முழித்ததைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இல்ல மேடம்" என்றாள் குறடு, பயத்தில்.

"இல்ல மேடம்" என்றாள் நாத்தனார். அவள் ஏன் சொன்னாள் என்பது குறட்டுக்கு அப்போது புரியவில்லை. வேறு பட்டறைக்கு மாற்றிவிடுவார்களோ என்ற கவலையில் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு புரிந்தது.

குறடு தன் வீட்டுக்காரனைக் கொன்றவள். அந்த வீட்டுக்காரன் நாத்தனாரின் அண்ணன்.

அவன் வேன் ஓட்டினான். குறட்டை அடிக்க அவனுக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. கை சும்மா இருந்தால் போதும். பெல்ட்டால் அடிப்பான், சலித்துப்போனால் தண்ணீர் டிரம்மில் தலையை முக்கிப் பிடிப்பான். கால் உதைக்கிற வேகம் குறைகிறபோது விடுவான். அந்தக் கணக்கு அவனுக்கு அத்துப்படி. கடைசியாக வயிற்றில் உதைத்ததில் உள்ளே இருந்தது கலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, ஷெட்டில் குந்தி உட்கார்ந்து சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டி, "ஸ்பானர எடு" என்றான். அவள் எடுத்தது ஜாக்கிக் கம்பி.

ஆனால் அதே ஆள் தங்கையின் மேல் சுண்டுவிரல்கூட வைத்ததில்லை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, வேனில் உட்கார வைத்து, பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டவன். அவளை எவனாவது ஒரு வார்த்தை சொன்னால் அவன் பல்லைக் கழற்றிக் கொண்டுவந்தவன். அவன் போனதும் சொந்தக்காரர்கள் அவளைத் தைக்கிற கம்பெனியின் விடுதியில் தள்ளிவிட்டுத் தலை முழுகினார்கள். அவளுக்குத் தெரிந்த அண்ணன் வேறு, குறட்டுக்குத் தெரிந்த புருஷன் வேறு. செத்தது என்னவோ ஒரே ஆள்தான்.

இப்படிப்பட்டவள்தான் நாள் முழுக்கக் குறட்டின் விரல்களுக்கு மேல் சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாளும் தவறவில்லை. மற்றவர்களைப் போலவே "அக்கா" என்றாள். அந்த ஒழுங்குதான் குறட்டைத் தூங்கவிடாமல் செய்தது. வசவு வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வேலை, புதிதாகத் திறக்கப்போகிற ஒரு ஆஸ்பத்திரிக்கு. கதவுகளில் பதிக்கிற பித்தளைத் தகடுகள். மதியத்துக்கு மேல் வேன் வந்துவிடும். வழக்கமாகப் பட்டறைக்கு வருவதெல்லாம் கட்டில் எண், பீரோ எண். ஆஸ்பத்திரி வேலையில்தான் கொக்கி நிறைய.

கொக்கி என்று அவர்கள் சொன்னது, இன்னாருடையது என்று காட்ட ஆங்கிலத்தில் எழுத்தின் தோளருகே தொங்கவிடுகிற அந்தச் சின்ன வளைவை. குறடு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்ததெல்லாம் எழுத்துக் கூட்டுகிற மட்டும்தான். கொக்கி இலக்கணம் அவளுக்கு முதுகு வழியாக ஏறியது. வந்த புதிதில், எஸ்ஸில் முடிகிற எந்தச் சொல்லைக் கண்டாலும் அதற்கு முன்னால் ஒரு கொக்கியைத் தட்டி வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. TOWEL'S என்று துண்டு வைக்கிற அலமாரிக்குப் போன தகட்டைச் சிறை மேலதிகாரியான பெரிய மேடம் திருப்பிக் கொண்டுவந்து, "துண்டுக்கு எதுடி சொந்தம்? சொல்லு, துண்டோட எது?" என்று கேட்டு முகத்தில் வீசினார். தகட்டின் மூலை புருவத்தைக் கிழித்தது. எது தப்பு என்று மட்டும் சொன்னார். எது சரி என்று சொல்லவில்லை. கூட இரண்டு அடி விழுந்தது.

தையல் போட்ட புருவத்தோடு குறடு ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். ஜெயிலர் அறைக் கதவில் கொக்கி எஸ்ஸுக்கு முன்னால். உள்ளே எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்தாள்: ஒரே நாற்காலி. வார்டர்கள் ஓய்வறைக் கதவில் கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால்; உள்ளே பெஞ்சு பெஞ்சாக ஆட்கள். அப்படியே பார்த்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அறை யாருடையதோ அவரை முதலில் முழுசாக எழுதிவிட வேண்டும். ஒரு டாக்டர் என்றால் DOCTOR. பல நர்ஸ்கள் என்றால் NURSES. எழுதி முடித்த பிறகுதான் கொக்கி, அந்தச் சொல்லின் வாலில். பலரைச் சொல்லும் எஸ் ஏற்கெனவே வாலில் இருந்தால் வேலை அத்தோடு தீர்ந்தது. இல்லையென்றால் கொக்கிக்குப் பின்னால் ஒரு எஸ். பிள்ளைகள் வார்டில் அவள் தடுமாறினாள். எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் CHILDREN என்பதில் எஸ் இல்லை. அதனால் கொக்கியும் வேண்டும், எஸ்ஸும் வேண்டும். பெண்கள் வார்டும் அதே ஜாதி. ஆள் எண்ணிக்கை தெரியாமல் கொக்கியைத் தொடக் கூடாது என்று அவள் ஒரு விதி வைத்திருந்தாள்.

அதனால் அன்று காலையிலேயே தலைமை நர்ஸின் அறைத் தகட்டுக்காக வார்டரிடம் கேட்டாள். "மேட்ரன் ஒருத்தரா மேடம், நெறய பேரா?"

"ஏன், விருந்துக்குக் கூப்பிடப் போறியா?"

"கொக்கி எங்க போடறதுன்னு..."

"ஒரு ஆஸ்பத்திரிக்கு எத்தனை மேட்ரன் இருப்பா? ஒருத்தியே அதிகம். போடு."

ஒரு தகட்டை எடுத்து முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அடித்து முடிப்பது அங்கே வழக்கமில்லை. குறட்டில் கம்பியை மாற்றி மாற்றிப் பொருத்தினால் கை ஓய்ந்துவிடும். ஒரு எழுத்தை எடுத்தால் எல்லாத் தகடுகளிலும் அது வருகிற இடமெல்லாம் அடித்துவிட்டுத்தான் அடுத்த எழுத்து. கொக்கி கடைசியில். ஆகவே எஸ் முடிந்தபோது, நீளப் பலகையின் மேல் தகடுகள் வரிசையாகக் கிடந்தன. டாக்டர், நர்ஸ்கள், மேட்ரன், பிள்ளைகள், பெண்கள், நோயாளிகள். எல்லாவற்றிலும் எழுத்து நிறைந்து, கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பல் விழுந்ததுபோல் ஒரு சந்து.

குறடு கொக்கி டப்பாவை எடுத்தாள்.

எழுத்துக்கம்பிகளுக்கு மரப்பெட்டி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. மாலையில் பட்டறையைப் பூட்டும்போது வார்டர் அந்த வரிசையின் மேல் உள்ளங்கையை ஓட்டுவாள். ஒரு கம்பி குறைந்தாலும் கை பள்ளத்தில் இறங்கும். ஆனால் கொக்கி, புள்ளி, கோடு மூன்றும் தனியாக ஒரு தகர டப்பாவில் கிடந்தன. அதை வார்டர் திறக்க மாட்டாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். கலகலவென்று கேட்டால் சரி.

குறடு டப்பாவைத் திறந்தாள். புள்ளி இருந்தது. கோடு இருந்தது. மூன்றாவதாகக் கிடந்தது ஒரு தடித்த ஆணி.

மூடினாள். நிமிரவில்லை. கல்லில் இரும்பை உரசுகிற மெல்லிய சத்தம், சில நாளாகக் கழுவுமிடத்துப் பக்கம் கேட்டதே, அது இப்போது எங்கிருந்தோ திரும்பி வந்து முதுகுத்தண்டில் உரசியது. எதிரில் நாத்தனார் சுத்தியலைப் பலகையில் சாய்த்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கட்டைவிரலின் உள்பக்கம் தோல் தேய்ந்து கறுத்திருந்தது. சுத்தியல் பிடித்தால் அந்த இடம் தேயாது.

வார்டரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் குறட்டுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை ஓர் அரம் காணாமல் போனது. பட்டறைப் பெண்கள் எல்லோரையும் வெயிலில் மண்டியிட வைத்துக் குதிகாலில் அடித்தார்கள். அரம் கடைசியில் ஒருத்தியின் பாய்க்குள் கிடைத்தது. அவளைத் தனியறைக்கு இழுத்துப்போனார்கள். நிமிர்ந்து போனவள், வெளியே வரும்போது பக்கவாட்டில் வளைந்திருந்தாள். ஒரு காது கேட்கவில்லை. கூப்பிட்டால் இன்னமும் தப்பான திசையில்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

சொன்னால் அந்தக் குடும்பத்தில் மிச்சமிருக்கிற ஒருத்தியையும் தன் வாயாலேயே முடித்ததாகும். சொல்லாவிட்டால் இன்றோ நாளையோ அந்தக் கம்பி தன் கழுத்தில் இறங்கும். வேன் வருவதற்குள் எப்படியும் கொக்கி வேண்டும்.

"தகட கழுவணும்" என்று எழுந்தாள். "நீயும் வா."

ஓரத்தில் பாலிஷ் சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவள் தலை தூக்கினாள். 'பாலிஷ்' என்றே அவளுக்கும் பெயர்; வாய் ஓயாதவள். "எழுத்தே முடியல, அதுக்குள்ள கழுவலா? பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே தாலி கட்டற மாதிரி இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கழுவுமிடம் பட்டறையின் பின்னால், கதவு இல்லாத ஒரு சின்ன அறை. இடுப்பளவு சிமெண்ட் தொட்டி, தளும்பத் தளும்பத் தண்ணீர். தரை பாசி. குறடு உள்ளே போய்ச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"கொக்கியக் குடு."

"எந்தக் கொக்கி, அண்ணி?"

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு வருடக்கணக்காகிறது. அறைந்ததுபோல் இருந்தது.

"டப்பால ஆணி கெடக்கு. கம்பி உன் இடுப்புல இருக்கு."

"இருந்தா?"

"வேணும். நர்ஸ் ரூமுக்கு."

நாத்தனார் சிரித்தாள். உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "உசுரு போகப் போகுது, இவளுக்கு நர்ஸ் ரூமு." சிரிப்பு நின்றது. இடுப்பிலிருந்து துணி சுற்றிய கம்பியை உருவினாள். "எங்கண்ணன எத்தன அடி அடிச்சே?"

"ஞாபகமில்ல."

"கோர்ட்டுல சொன்னியே."

"அவங்க சொன்னாங்க. நான் ஆமான்னேன்."

"முதல் அடிலயே செத்துட்டானாம். டாக்டர் சொன்னாரு. மிச்ச அடியெல்லாம் எதுக்கு?"

"எழுந்துருவானோன்னு."

நாத்தனார் பாய்ந்தாள்.

குறடு கழுத்தைத் திருப்பியதால் கம்பி தொண்டையைத் தவறவிட்டு, காறை எலும்பை உரசிக்கொண்டு இடது தோளுக்குள் இறங்கியது. வலி உடனே வரவில்லை; சூடாக ஏதோ ரவிக்கைக்குள் ஓடியது, அவ்வளவுதான். நாத்தனார் கம்பியை உருவி மறுபடி ஓங்கினாள். அந்த மணிக்கட்டைக் குறட்டின் வலது கை பிடித்துவிட்டது. பிடித்தது பிடித்ததுதான். நாத்தனார் முழங்காலால் வயிற்றில் இடித்தாள், தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள், தோள் காயத்தில் பல்லைப் பதித்தாள். பிடி தளரவில்லை. எலும்பு நெரிகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. கம்பி தரையில் விழுந்து உருண்டது.

இருவரும் வழுக்கி விழுந்தார்கள். முதலில் எழுந்தவள் குறடு. நாத்தனாரின் கொண்டையைப் பற்றி இழுத்துத் தொட்டி விளிம்பில் மோதினாள், நெற்றி பிளந்தது. அப்படியே தலையைத் தண்ணீருக்குள் முக்கினாள். தன் உடம்பு முழுவதையும் அந்தப் பிடரியின் மேல் சாய்த்து அழுத்தினாள். தண்ணீர் பொங்கி வழிந்தது. ரத்தம் பாகுபோலப் பிரிந்து கலந்தது. கால்கள் உதைத்தன, ஒரு உதை குறட்டின் முழங்காலில் பட்டு அவள் கிட்டத்தட்ட விழப்போனாள், விழவில்லை. இன்னும் அழுத்தினாள். உள்ளிருந்து குமிழிகள் வந்தன. கால்கள் உதைக்கிற வேகம் குறைந்தது.

குறடு கையை எடுத்தாள்.

நாத்தனார் தரையில் சரிந்து, தண்ணீரையும் காலைக் கஞ்சியையும் சேர்த்து வாந்தி எடுத்தாள். மூச்சு இழுக்கும்போது துணி கிழிவதுபோலச் சத்தம் வந்தது.

"ஏன் விட்டே?"

"கை வலிச்சுது."

பட்டறையில் பாலிஷ் சக்கரம் திடீரென்று உச்ச வேகத்தில் அலறத் தொடங்கியிருந்தது. யாருக்கும் எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று பாலிஷ்தான் முடுக்கிவிட்டிருந்தாள். அவளே இப்போது வாசலில் நின்றாள். தரையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டு மகராணிகளும் குளிச்சாச்சா?" என்றாள். "வேன் வாசல் கேட்ல நிக்குது. காட்டு, எங்க ஓட்டை?" சக்கரத்துக்குச் சுற்றுகிற புதுத்துணியைக் கிழித்துக் குறட்டின் தோளை இறுக்கிக் கட்டினாள். "ஆழமா போயிருக்குடி. நர்ஸ் ரூமுக்குத் தகடு அடிக்கிறதுக்குப் பதிலா நீயே நேரா உள்ள போயி படுத்துக்கலாம்."

குறடு குனிந்து கம்பியை எடுத்தாள். முனையைத் துடைத்துப் பார்த்தாள். கொக்கி செதுக்கிய முனை அப்படியே இருந்தது. சுத்தியல் அடி வாங்குகிற கொண்டைப் பக்கம்தான் ஊசியாகக் கூர் தீட்டியிருந்தது.

"எழுத்துப் பக்கம் கல்லுல தேயல" என்றாள் நாத்தனார், தரையிலிருந்து. நாள் முழுக்க ஒன்றாக வேலை செய்கிறவளிடம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டாள்.

"தேயாது. அந்தப் பக்கம் தீயில காட்டி முறுக்கு ஏத்தினது. கொண்டைதான் மெத்துன்னு இருக்கும்." குறடு கம்பியை அவளிடம் நீட்டினாள். "கூர வெட்டித் தட்டையாக்கு."

நாத்தனார் நீட்டிய கம்பியைப் பார்த்தாள். கூர்முனை அவள் பக்கம் இல்லை. குறட்டின் பக்கம்தான் இருந்தது. பிடித்து ஒரு தள்ளு தள்ளினால் போதும். நாத்தனார் கம்பியை வாங்கி, எழுந்து, தள்ளாடிக்கொண்டே பட்டறைக்குள் போய் அரத்தை எடுத்தாள்.

அவள் அராவி முடிக்கிற நேரத்தில் வார்டர் வந்தாள். பலகையில் சொட்டியிருந்த ரத்தம்தான் முதலில் கண்ணில் பட்டது.

"என்னடி இது?"

நாத்தனாரின் அரம் நின்றது.

"தகட்டு மூலை கிழிச்சிருச்சு மேடம்" என்றாள் குறடு.

"தோள்லயா?"

"தூக்கிட்டு வந்தேன்."

வார்டரின் பார்வை நாத்தனாரின் ஈரத் தலைக்கும் பிளந்த நெற்றிக்கும் போனது. "இவளுக்கு?"

"பாசி மேடம். வழுக்கிட்டேன்."

வார்டர் முட்டாள் இல்லை. ஆனால் வேன் வாசலில் நின்றது, பெரிய மேடம் அலுவலகத்தில் இருந்தார், விசாரணை என்று ஆரம்பித்தால் தன் டப்பா ஆட்டும் வழக்கம்வரை போகும். லத்தியை எடுத்தாள். "கிழிச்சவளுக்கு ஒண்ணு. வழுக்கினவளுக்கு ஒண்ணு." இரண்டு முதுகிலும் முழு வீச்சில் இறங்கியது. குறட்டின் தோள் கட்டில் புதிதாகச் சிவப்பு ஊறியது. "ஆஸ்பத்திரிக்காரன் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடியலன்னா, அப்புறம் எங்க கிழியும், எங்க வழுக்கும்னு நான் காட்டறேன்."

அவள் போனதும் பலகையில் முதல் தகட்டை வைத்தார்கள்.

கொக்கிக்கம்பி மற்றக் கம்பிகளைவிட ஒல்லி. இரும்புக் குறட்டின் வாயில் நிற்காது. விரலால்தான் பிடிக்க வேண்டும். கூரை வெட்டியதில் இப்போது குட்டையாகவும் ஆகியிருந்தது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் மேலே, சுத்தியல் விழ நெல்மணி அளவு இடம்தான் மிச்சம். குறடு வலது கையால் இடது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். NURSES என்ற சொல்லுக்குப் பிறகு இருந்த சந்தில் கம்பியை வைத்தாள்.

"ம்."

அடி சரியாக விழுந்தது. கொக்கி பதிந்தது.

டாக்டரில் ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவே. "ம்." பதிந்தது.

மூன்றாவது, மேட்ரன். கம்பியை வைத்தாள். இடம் பார்க்கக் குனிந்தாள்.

அவள் "ம்" சொல்லவில்லை. சுத்தியல் இறங்கியது.

கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்து, கீழிருந்த சதை நசுங்கியது. குறடு கத்தவில்லை, வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. கண் இருண்டு, பலகையின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பாலிஷ், "அடிப்பாவி!" என்று சக்கரத்தை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன விடு" என்றாள் குறடு, தலை தூக்காமல். "தகடு கெட்டுச்சா பாரு."

தகட்டில் கீறல் இல்லை. கம்பி சாய்வதற்கு முன்பே அடி முழுவதையும் விரல் வாங்கிக்கொண்டிருந்தது.

"அது எங்கண்ணனுக்கு" என்றாள் நாத்தனார். சுத்தியலை இரண்டு கைகளாலும் பிடித்து மார்போடு வைத்திருந்தாள். நெற்றியிலிருந்து இறங்கிய ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. மறு கண்ணிலிருந்தும் வழிந்தது, அது ரத்தமில்லை.

குறடு நிமிர்ந்தாள். நசுங்கிய விரலைத் துணியில் சுற்றினாள். கம்பியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் இருக்கா?"

"தெரியல."

"இருந்தா இப்பவே அடிச்சிரு. பிள்ளைங்க வார்டு தகட்டுல வேணாம். அது மெலிசு, வளைஞ்சிரும்."

நாத்தனார் சுத்தியலைக் கீழிறக்கினாள். உள்ளங்கைகளைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். மறுபடி பிடித்தாள்.

"வெச்சுப் பிடி" என்றாள்.

மேட்ரனின் கொக்கியை முதலில் முடித்தார்கள். பிறகு பிள்ளைகள். பெண்கள். நோயாளிகளின் குளியலறை, அங்கே எஸ் வாலிலேயே இருந்ததால் கொக்கி கடைசியில். ஒவ்வொன்றுக்கும் குறடு "ம்" என்றாள். ஒவ்வொரு "ம்"முக்கும் முன்னால் பாலிஷ் கண்ணை மூடிக்கொண்டாள். வலது கைக்குப் பழக்கமில்லாததால் ஒரு கொக்கி மட்டும் தலை லேசாகச் சாய்ந்தது. மற்றதெல்லாம் நேர். பாலிஷ் ஒவ்வொரு தகட்டையும் சக்கரத்தில் காட்டி, எழுத்துக் குழிகளில் கறுப்பு மை நிரப்பி, மேலே துடைத்தாள். ரத்தமும் மையும் ஒரே துணியில் வந்தன.

ஆஸ்பத்திரி ஆள் பட்டறை வாசலுக்கு வந்தபோது தகடுகள் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே நின்றன. சரக்கறை பார்க்கிறவர், வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். வார்டர் பக்கத்தில் லத்தியோடு நின்றாள். அவர் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு, நர்ஸ் அறைத் தகட்டை உருவி, வெளிச்சத்தில் சாய்த்து, கொக்கியின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுல கடைசியில நிக்குதேம்மா. மத்ததுல எஸ்ஸுக்கு முன்னாடி இருக்கு?"

"எத்தனை நர்ஸ் வர்றாங்க சார்?" என்றாள் குறடு.

"நெறய பேரு. ரெண்டு மாடிக்கு."

"அப்ப அது அவங்க எல்லாருக்கும் சேர்த்து சார். டாக்டர் ரூமுக்கு ஒருத்தர்தானே?"

"ஒருத்தர்தான். அவரே எப்ப வருவாரோ." சிரித்துக்கொண்டே தகட்டைத் திரும்பச் செருகினார். அப்போதுதான் துணி சுற்றிய விரலையும், தோளையும், பக்கத்தில் நிற்பவளின் நெற்றியையும் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. வார்டரைத் திரும்பிப் பார்த்தார். வார்டர் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனமா இருக்கும் சார்" என்றாள் நாத்தனார். "நாங்க தூக்கித் தர்றோம்."

பெட்டியின் ஒரு பக்கம் குறடு, நல்ல கையால். மறுபக்கம் நாத்தனார், நெரிந்த மணிக்கட்டால். வேனின் பின்கதவு வரை இருவரும் ஒரே உயரத்தில் தூக்கிப் போனார்கள். அவர் உள்ளே ஏறி, குனிந்து, இரண்டு பக்கமும் கை கொடுத்தார்.

"பிடிச்சுட்டீங்களா?" என்றாள் குறடு.

"பிடிச்சுட்டேம்மா. விடுங்க."

விட்டார்கள்.